மறு: 'உறையாநீர்' வேண்டாம், 'பனிச்சுனை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'பொலின்யா' (polynya) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாகப் போன வாரம் நான்தான் 'உறையாநீர்' என்று எழுதினேன். இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றதும் சொற்பட்டியலிலும் ஏற்றிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன், இப்போது திரும்பப் பெறுகிறேன். ஓசையிலோ புணர்ச்சியிலோ குறை இல்லை, பொருளே தப்பு.

உறைந்த துருவக் கடலின் நடுவே, சுற்றிலும் பனிக்கட்டி மூடியிருக்க, ஓர் இடம் மட்டும் திறந்த நீராகக் கிடப்பதுதான் பொலின்யா. அதைப் பார்த்தால் அங்கே நீர் உறையவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அண்டார்க்டிகாவில், ராஸ் கடலின் மேற்குக் கரையில் உள்ள டெரா நோவா விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் போதும். அங்கே குளிர்காலக் காற்று அதைவிடப் பல மடங்கு கொடியது. முதலில் சில மில்லிமீட்டர் அளவில் ஊசியும் வில்லையுமாகப் பனித்துகள்கள் நீரில் தோன்றும். காற்று அவற்றைக் கோடுகோடாக ஒதுக்கும். அந்தக் கோடுகளில் கடல் எண்ணெய் படிந்தது போல மங்கி, சிற்றலைகள் அடங்கிவிடும். அது கெட்டிப்பட்டுப் பாளமாவதற்குள், உள்நாட்டுப் பனிமேட்டிலிருந்து சரிந்து வீசும் காற்று எல்லாவற்றையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். தெற்கே ட்ரைகால்ஸ்கி பனிநாக்கு அணை போல நீண்டு கிடப்பதால் அந்தப் பக்கத்துப் பனிக்கட்டி வந்து இடத்தை அடைக்கவும் வழியில்லை. மறுபடி வெறும் நீர், மறுபடி உறைதல்.

ஆக, சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத வேகத்தில் நீர் உறைகிற இடத்துக்கு நான் வைத்த பெயர் 'உறையாநீர்'! உறையும்போது உப்பில் பெரும்பகுதி பனிக்கட்டிக்குள் போகாமல் கீழே நீரிலேயே தங்கிவிடுகிறது. அந்த உப்புக் கனத்த நீர் அடியில் இறங்கி, கடைசியில் அண்டார்க்டிக் ஆழ்கடல் நீரோடு சேர்கிறது. உறைதல் இல்லையென்றால் இதில் எதுவும் இல்லை.

சரி, வேறு என்ன சொல்வது? இழையில் ஒருவர் எழுதியது:

> எழுத்துப்பெயர்ப்பு போதும், ஆங்கிலமே ரஷ்ய மொழியிலிருந்து எடுத்ததுதானே.

எடுத்தது உண்மைதான். ஆனால் ரஷ்யக்காரர் காதில் அதன் வேரில் 'திறந்த, உள்ளீடற்ற' என்ற பொருள் கேட்கும். நம் காதில் ஒன்றும் கேட்காது. போதாததற்கு ஒருவர் 'பாலினியா' என்று எழுத, நான் முதலில் ஏதோ பாலினம் பற்றிய இழை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

'பனித்துளை'யை விட்டுவைக்கலாம், சீல்கள் மூச்சுவிடப் பனிக்கட்டியில் வைத்துக்கொள்ளும் ஓட்டைக்கு அந்தச் சொல் தேவைப்படும். 'பனிவாவி' அழகுதான். ஆனால் கோடையில் பனிக்கட்டியின் மேலேயே உருகித் தேங்கும் நீருக்கு அல்லவா அது பொருந்தும்? அங்கே நீருக்கு அடியில் பனித்தரை உண்டு. பொலின்யாவில் கீழே இருப்பது முழுக் கடல்.

எனக்கு இப்போது பிடித்திருப்பது நேற்றைய மடலில் போகிற போக்கில் வந்த 'சுனை'. பாறைக்கு நடுவே நீர் இருக்கும் என்று யாரும் எதிர்பாராத இடத்தில் இருப்பது சுனை. தேடிப் போனால் அதே இடத்தில் இருப்பதும் அதுதான். கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே உள்ள பொலின்யா அப்படித்தான். கிரீன்லாந்து மக்கள் அதற்கு வைத்த பெயர் பிக்கியலாசொர்சுவாக், 'பெரிய மேலெழுச்சி'. வடக்கே குறுகிய நீரிணையில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று நெருக்கி வளைவாக இறுகிக்கொள்ளும். வடக்கிலிருந்து வரும் பனிக்கட்டி தடைப்படும், வளைவுக்குத் தெற்கே புதிதாக உறைவதைக் காற்று மேலும் தெற்கே ஒதுக்கும். வசந்தத்தில் வெயில் அந்தத் திறந்த நீரில் சீக்கிரமே விழுவதால் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களை நம்பிக் கோடிக்கணக்கில் சின்ன ஆக் பறவைகள் கரையோரம் கூடு வைக்கின்றன. நார்வால், பெலுகா என்ற திமிங்கலங்கள், வால்ரஸ் எல்லாம் வருகின்றன.

மறுப்புகள் எனக்கும் தெரியும். சுனைநீர் இனிக்கும், இது உப்பு. ஆனால் 'பனி' முன்னால் நிற்கும்போது யாரும் குடிக்கக் குனிய மாட்டார்கள். சுனை சிறியது என்பது இன்னும் வலுவான மறுப்பு. 1974 முதல் 1976 வரை குளிர்காலந்தோறும் அண்டார்க்டிகாவின் வெடெல் கடலில் தெரிந்த பொலின்யா ஏறக்குறைய 2.5 லட்சம் சதுர கிலோமீட்டர், பிரிட்டன் தீவைவிடப் பெரியது. அதைச் சுனை என்றால் நெருடத்தான் செய்கிறது. 'பெருஞ்சுனை' என்று சமாளிக்கலாம், மனம் முழுதாக ஒப்பவில்லை. (இலையில் இருக்கும் சொரசொரப்பும் சுனைதான் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

அப்புறம் வகைப்பாடு. டெரா நோவா போலக் காற்று திறந்து வைப்பது ஒரு வகை. வெடெலில் போல ஆழத்திலிருந்து ஏறிவரும் சற்றே வெப்பமான நீர் பனிக்கட்டியை உருக்கித் திறப்பது இன்னொன்று. பாடநூல் வழக்கில் முன்னது 'உள்ளுறை வெப்ப' வகை (நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்), பின்னது 'உணர்வெப்ப' வகை (நீர் சூடாக இருப்பதாலேயே தரும் வெப்பம்). நான் 'காற்றுச்சுனை', 'வெப்பச்சுனை' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவதைப் படிக்கிறவர் துண்டு எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிடுவார். அந்த நீரோ உறைநிலைக்கு ஓரிரு டிகிரிதான் மேலே. ஆகவே 'காற்றுத்திறப்புச் சுனை', 'அடிநீர்த்திறப்புச் சுனை'. நீளம்தான், ஆனால் யார் திறந்தது என்பது தெரிகிறது.

'பனி' என்றால் புல்லில் விழுவதும் அதுதானே என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். 'பனிக்கட்டிச்சுனை' வாயில் நுழையவில்லை.

மறுப்பு வராவிட்டால் ஞாயிறு அன்று பட்டியலில் இப்படி மாற்றுகிறேன்: 'பனிச்சுனை: கடற்பனிக்கட்டி மூடியிருக்க வேண்டிய இடத்தில், காற்றாலோ அடியிலிருந்து வரும் வெப்பத்தாலோ திறந்தே இருக்கும் நீர்ப்பரப்பு.'

இன்னொன்று பாக்கி. பாளங்கள் விலகும்போது நடுவில் நீளவாக்கில் பிளந்து, கப்பல் நுழைகிற அளவுக்குக்கூட நீர் தெரியுமே, அது சுனை ஆகாது. வாய்க்காலின் 'கால்' கையில் இருக்கிறதே என்று 'பனிக்கால்' எழுதினேன். வேகமாகப் படித்தால் பனிக்காலம் ஆகிவிடுகிறது. 'பிளவுக்கால்' என்று கேள்விக்குறியோடு போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.