‘பிரீ டிவிடி’ என்பது கேமரா பிரிண்டா, இல்லையா?

ஆபரேட்டர்_70எம்எம்:
இணையத்தில் திருட்டுத்தனமாக வரும் படக் கோப்பின் பெயரில் ‘பிரீ டிவிடி’ என்றிருந்தால் அது தியேட்டரில் எடுத்ததன்று, டிவிடிக்காகத் தயாரித்த மூலத்திலிருந்து கசிந்தது என்று பிட்ரேட்_பாண்டி நேற்று எழுதியிருப்பதைப் படித்து எரிச்சல் தாங்கவில்லை. படம் வெளியான மறுநாளே வரும் அந்தக் கோப்பில் திரையின் மேல்விளிம்பு கோணலாக இருக்கிறது. இடைவேளைக்குச் சற்று முன்பு எழுந்துபோகும் ஒருவரின் தலை கீழ்மூலையில் கறுப்பாகக் கடக்கிறது. அது தியேட்டர் திரையைக் கேமராவில் பிடித்த கேமரா பிரிண்ட்தான். ‘கேம்’ என்று உள்ளபடி பெயரிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்பதால்தான் இந்தப் பூச்சு வேலை.

பிட்ரேட்_பாண்டி:
புரொஜெக்டர் அறையில் இருந்தவர்களுக்குக் கோப்புகளின் சங்கதியும் அத்துப்படி என்பது எனக்கு இதுவரை தெரியாது. கேமராவில் எடுத்ததற்குக் ‘கேம்’ என்றும், ஒலியை மட்டும் தனி இணைப்பில் எடுத்துச் சேர்த்ததற்கு ‘டெலிசிங்க்’ என்றும் பெயர்கள் இருக்கும்போது, மூலம் வேறாக இல்லாவிட்டால் மூன்றாவது பெயர் எதற்கு? நான் பார்த்த பிரீ டிவிடியில் ஒரு விசில் சத்தம்கூட இல்லை.

மதுரை_முதல்காட்சி:
டிக்கெட்டைவிடப் பாப்கார்னுக்குக் கூடுதலாகக் கேட்கும் மல்டிபிளெக்ஸ்களைப் பற்றி இருவருமே வாய்திறக்கக் காணோம்.

ஆபரேட்டர்_70எம்எம்:
பாப்கார்ன் விலை அதிகம் என்றால் வாங்காமல் இருக்கலாம், அதற்காகப் படத்தைத் திருடலாமா? விசில் இல்லை என்பதும் சான்றாகாது. கூட்டமில்லாத காட்சியில் எடுத்தால் விசில் எங்கிருந்து வரும்? டிஜிட்டல் புரொஜெக்டரில் ஓடும் படத்தில், எந்தத் தியேட்டர், எந்த நேரம் என்பதைக் காட்டும் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் பதிந்திருக்கும். கேமராவில் பிடித்தாலும் அது கூடவே போகும் என்பதால், பழி முதலில் எங்கள் தியேட்டர்காரர்கள் தலையில்தான் விழுகிறது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் இப்படிப் படத்தைப் பதிவுசெய்வதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். கேமரா பிரிண்டை டிவிடி என்று சொல்லி அந்தக் குற்றத்துக்கு முக்காடு போடாதீர்கள்.

பிட்ரேட்_பாண்டி:
சட்டத்தை யார் கேட்டார்கள்? மூன்றாவது பெயர் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஓடிடியின் கோப்பை மறுபடி சுருக்காமல் அப்படியே இறக்கும் ‘வெப் டிஎல்’லும், ஓடவிட்டுப் பதிந்தோ மறுபடி சுருக்கியோ தரும் ‘வெப்ரிப்’பும் ஒன்றே என்று போன மாதம் சாதித்தவர் நீங்கள்தானே?

ஆபரேட்டர்_70எம்எம்:
ஒன்று என்று நான் எங்கும் எழுதவில்லை. திருட்டுக் கோப்புகளை வெளியிடும் குழுக்கள் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி ஒட்டுகின்றன என்றுதான் எழுதினேன். பெயரை வைத்து மூலத்தை நம்பக்கூடாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பிரீ டிவிடி கேமரா பிரிண்ட்தான்.

மதுரை_முதல்காட்சி:
பாப்கார்னை வாங்காமல் இருக்கலாம் என்கிறீர்கள். வெளியே வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

பிட்ரேட்_பாண்டி:
மாற்றி ஒட்டுவதாகச் சொல்கிறீர்களே, எந்தக் குழு, எந்தக் கோப்பு? போன மாதமும் இதைத்தான் கேட்டேன், அன்றும் நீங்கள் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.