1954 வில்லிஸ் பிக்கப்: சேஸ் நம்பர் எங்கே இருக்கும்? ஃப்ரேம் பிளாஸ்டிங்குக்குப் போகும் முன் உதவி தேவை

அல்சூர் சரவணன்:
வணக்கம். அப்பா காய்கறி லோடு அடித்த வில்லிஸ் ஜீப் பிக்கப்பை ரீஸ்டோர் செய்கிறேன். 118 இன்ச் வீல்பேஸ், நாலு சிலிண்டர் பெட்ரோல், எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் மாநிலப் பதிவு. கேபினை இறக்கியாயிற்று. அடுத்த வாரம் ஃப்ரேம் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணலை வேகமாக அடித்துத் துருவை எடுக்க, போகிறது. ஆனால் சேஸ் நம்பர் (வண்டியின் அடையாள எண்) எங்கேயும் கண்ணில் படவில்லை. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) தகடு இருந்த இடத்தில் வெறும் ரிவெட் ஓட்டைகள்தான். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பெரிய எண் எழும்பி நிற்கிறது, அது ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. வண்டியை என் பெயருக்கு மாற்ற வேண்டும். எங்கே தேடுவது?

ஜே.சி. ரோடு மணி:
தம்பி, முதலில் பிளாஸ்டிங்கைத் தள்ளிப் போடுங்கள். பஞ்ச் செய்த எழுத்துக்கு ஆழம் ரொம்பக் குறைவு. எழுபது வருடத் துரு மேலே இருக்கும்போது மணல் பட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

பிளாக்கில் எழும்பி நிற்பது வார்ப்பு எண். அதே அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் அதே எண்தான் இருக்கும், ஆர்.சி.யில் அதை எழுத மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது குழிவாக அடித்த எண். அது பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்புக்கு நேர் பின்னால் உள்ள மேட்டில் இருக்கும். கிரீஸும் பெயிண்டும் மூடியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள்.

ஃப்ரேமுக்கு இரண்டு இடம் பாருங்கள். பழைய வில்லிஸ் ஜீப்களில் முன் பம்பருக்குப் பின்னால், இடது ஃப்ரேமின் உள்பக்கம் சின்னத் தகடு ரிவெட் செய்திருப்பார்கள். தகடு போயிருந்தாலும் ஓட்டைகள் தெரியும். நம்ம ஊரில் ஓடிய ஜீப்களில் வலது ஃப்ரேமில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நேரடியாக அடித்த நம்பரையும் பார்த்திருக்கிறேன்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கவே வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, கையால் பித்தளை பிரஷ் போதும். அப்புறம் இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேராகப் பார்த்தால் தெரியாத கோடெல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

பிரேசர் டவுன் லதா:
ஒன்று சேர்க்கிறேன். எத்தனை இலக்கம் என்று தெரிந்தால்தான் தேட முடியும். 17 இலக்க எண் அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயமானது, உங்கள் வண்டியில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பதிவு செய்த ஆர்.டி.ஓ.வில் பி எக்ஸ்ட்ராக்ட் (வண்டிப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். அதில் சேஸ், இன்ஜின் எண்கள் இரண்டும் வரும். பழைய பெட்ரோல் ஜீப்களில் டீசல் இன்ஜின் மாற்றியது நிறைய உண்டு. அதனால் வண்டியில் உள்ள இன்ஜின் எண்ணை அப்படியே நம்பாமல் அந்த நகலோடு ஒப்பிடுங்கள்.

அல்சூர் சரவணன்:
மணி அண்ணா, லதா மேடம், ரொம்ப நன்றி. வாட்டர் பம்புக்குப் பின்னால் எண் கிடைத்தது, ஆர்.சி.யோடு அப்படியே ஒத்துப்போகிறது! அப்பா ஓட்டிய அதே இன்ஜின் என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. ஃப்ரேமில் வலது பக்கம் எழுத்துகள் வருகின்றன, ஆனால் கடைசி இரண்டு இலக்கம் துரு அரித்து மங்கலாக இருக்கிறது. லேத் பட்டறைக்காரர் ஒருவர் அதன் மேலேயே புதிதாக பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

ஜே.சி. ரோடு மணி:
வேண்டவே வேண்டாம் தம்பி. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் சேஸ் எண்ணில் புது அடி விழுந்தால் நேர்மையான வண்டியும் திருட்டு வண்டி போலத் தெரியும். இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதே எழுத்தின் உருவத்தையும் வரிசையையும்தான். பஞ்ச் அடித்த இடத்தில் இரும்பு உள்ளேயும் நசுங்கியிருக்கும், அதனால்தான் அரம் போட்டு அழித்த எண்ணைக்கூட தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி வெளிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் இரண்டு இலக்கத்தின் தடமும் உள்ளே மிச்சம் இருக்கலாம், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். வீட்டில் அமிலம் வைத்து முயற்சி செய்ய வேண்டாம்.

மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து ட்ரேஸ் எடுங்கள். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் அது வேண்டும். நான்கைந்து எடுத்து வையுங்கள், ஒன்றில் மங்கியது இன்னொன்றில் தெளியும்.

பிரேசர் டவுன் லதா:
பி எக்ஸ்ட்ராக்ட் கையில் வந்ததும் அதையும் ட்ரேஸையும் வைத்து ஆர்.டி.ஓ.வில் எழுதிக் கொடுங்கள். மறுபடி பஞ்ச் தேவையா என்று அவர்களே சொல்லட்டும். அதுவரை அந்த இடத்தில் கிரீஸ் பூசி, மேலே தடித்த ரப்பர் ஷீட் ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிங்காரரிடம் நேரில் போய் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். பவுடர் கோட்டிங்கும் அங்கே வேண்டாம், மெல்லிய பிரைமர் மட்டும் போதும்.