சனிக்கிழமை மாக்கோலம் – ‘கீழவாசல் குடும்பம்’ குழு

கவி: எல்லோரும் கொஞ்சம் பாருங்கள், அவசரம். சனிக்கிழமை பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள். எங்கள் கல்லூரியில் அன்றைக்குத்தான் உலகப் பண்பாட்டு விழா. எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் சேர்த்து ஒரு அரங்கு கொடுத்திருக்கிறார்கள். அவள் டாக்காக்காரி. வாசலில் பெரிய மாக்கோலம் வேண்டும். வெள்ளையில் கறுப்புக் கரை போட்ட புடவை இரண்டு வேண்டும்.

விமலா சித்தி: கோலத்துக்குப் பாட்டி இருக்கிறாரே

அம்மா: வெள்ளைச் சுங்குடி ஒன்று இருந்தது. ரவி கல்யாணத்துக்கு வாங்கிப் போனவர்களைக் கேள்.

விமலா சித்தி: அக்கா, அதைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தந்தேன்

அம்மா: பீரோவில் இல்லையே

ரவி மாமா: விழாவுக்கு எதற்குக் கறுப்பு?

கவி: அந்த நாளே ஒரு சாவு நாள்தான் மாமா. இன்றைய வங்கதேசம் அப்போது பாகிஸ்தானில் ஒரு பகுதி. அந்தப் பாகிஸ்தானில் பாதிக்கு மேல் வங்காளி பேசுகிறவர்கள். ஆனால் 1948-இல் பாகிஸ்தான் தலைவர் ஜின்னா டாக்காவுக்கே வந்து, உருது மட்டும்தான் அரசு மொழி என்று சொல்லிவிட்டார். 1952 பிப்ரவரி 21 அன்று 144 தடையை மீறி மாணவர்கள் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் சுடப்பட்டு இறந்தவர்களில் ரபிக், பர்கத், ஜப்பார், சலாம், ஷபியுர் பெயர்களை அங்கே குழந்தைகூடச் சொல்லுமாம். 1956-இல் வங்காளியும் அரசு மொழி ஆனது. 1999-இல் யுனெஸ்கோ அந்தத் தேதியையே உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அன்று விடியற்காலையில் செருப்பில்லாமல் நடந்து போய், அவர்கள் நினைவுச் சின்னமான ஷஹீத் மினாரில் பூ வைப்பார்கள். போகிற சாலையெல்லாம் ஆல்பனா, அதாவது அவர்கள் ஊர்க் கோலம். வீட்டில் போடுவது அரிசி மாவைக் கரைத்துத்தான்.

பாட்டி: துணி கொண்டா?

கவி: ஆமாம் பாட்டி. துணியை மாவில் நனைத்து, மோதிர விரல் வழியாக ஒழுகவிட்டு. அவள் செய்து காட்டினாள். அப்படியே உங்கள் கை.

பாட்டி: அட

சித்தப்பா: சாப்பாட்டு அரங்கு உண்டா?

கவி: பக்கத்து அரங்கு எத்தியோப்பியா, சித்தப்பா. பச்சைக் காப்பிக்கொட்டையை நம் கண் முன்னாலேயே வறுத்து, இடித்து, ஜெபெனா என்கிற மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். அதே தூளில் மூன்று தடவை. அபோல், தோனா, பராக்கா என்று சுற்றுக்கு ஒரு பெயர்.

சித்தப்பா: நம் இரண்டாம் டிகாக்‌ஷன்!

விமலா சித்தி: அதைத்தான் இவர் வேண்டாம் என்று தினமும் கொட்டுகிறார்

தாத்தா: கவிக்குட்டி, படித்தேன். நானும் ஒன்று எழுதுகிறேன், நிதானமாகப் படி. அரசியல் சட்டத்தில் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாறக் கொடுத்த 15 வருஷக் கெடு 1965 ஜனவரி 26-இல் முடிந்தது. முதல் நாள் 25-ஆம் தேதி அதை எதிர்த்து மதுரையில் மாணவர் ஊர்வலம். நான் மூன்றாம் வரிசையில் போனேன். சட்டையில் கறுப்புத் துணி, ஊக்கு குத்தியது உங்கள் சின்னப் பாட்டி. வழியில் கலவரம், கையில் அடி. 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனைச் சுட்டுக் கொன்றார்கள். என் வயதுப் பையன். கல்லூரிகளை மூடிவிட்டார்கள். பிப்ரவரி 11 இரவு பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் பேசினார், இந்தி பேசாத மாநிலங்கள் வேண்டும் என்கிற வரை ஆங்கிலம் இருக்கும் என்று. டீக்கடையில் நின்று கேட்டேன். டீ ஆறிப் போனது இன்னும் நினைவிருக்கிறது. டாக்காப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்.

சின்னப் பாட்டி: அண்ணே, உன்னை விசாரிக்க ஆள் வந்ததைப் பார்த்து, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போனார்களே. அதை எழுதவில்லையே

தாத்தா: அந்த மாப்பிள்ளை உனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்

சின்னப் பாட்டி: என்னிடம் கேட்டாயா?

ரவி மாமா: கவி, டாக்கா போதும். 1965-ஐப் பலகையில் ஏற்றாதே. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய பெண். நான் இந்தி தெரிந்ததால்தான் டெல்லியில் பிழைக்கிறேன்.

தாத்தா: உன் இந்தி டியூஷனுக்கு மாதாமாதம் பணம் கட்டியது நான்தான் ரவி

அம்மா: அப்பா, விடுங்கள்

கவி: மாமா, உடையும் சாப்பாடும் ஆட்டமும் போதும் என்றுதான் இங்கேயும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வகுப்பில் நீலகிரியிலிருந்து வந்த கோத்தர் பழங்குடிப் பையன் இருக்கிறான். அவன் பாட்டி பேசுவதில் பாதிதான் அவனுக்குப் புரிகிறதாம். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். கோத்தர் மொழிக்கு என்று பழைய எழுத்து கிடையாது, பேசுகிறவர்களும் கொஞ்சம் பேர்தான். அவன் பாட்டி சொன்ன பத்துச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறான். அதை அரங்கின் நடுவில் வைக்கப்போகிறேன்.

அம்மா: நல்லது கண்ணு

ரவி மாமா: அது சரி. 1965-க்கு நான் சொன்னதை யோசி.

தாத்தா: நாளை காலை 5 மணி பஸ்ஸில் நானும் பாட்டியும் கிளம்புகிறோம். சிங்காநல்லூரில் யார் வருவது?

அம்மா: அப்பா, முழங்கால்?

சித்தப்பா: நான் வருகிறேன். ஆனால் 10 மணிக்கு மேல் ஆபீஸ்

கவி: தாத்தா, அந்த ஐந்து பெயருக்குக் கீழே ராசேந்திரன் பெயரையும் எழுதட்டுமா?

தாத்தா: எழுது

ரவி மாமா: இரவு போன் செய்கிறேன் கவி

விமலா சித்தி: புடவை இன்னும் முடிவாகவில்லை

அம்மா: பீரோவை மறுபடி பார்க்கிறேன்

விமலா சித்தி: அம்மா, எத்தனை ஆழாக்குப் பச்சரிசி ஊறப்போட?

பாட்டி: நீ ஊறப்போடாதே. கெட்டியாக அரைத்துவிடுவாய். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.