நியாண்டர்தால்கள் அழிக்கப்பட்டார்களா, நம்மோடு கலந்துபோனார்களா?

குகைவாசி:
ஐரோப்பாவில் நமக்கு முன்பே வாழ்ந்த மனித இனமான நியாண்டர்தால்கள் அழிந்ததற்கு, நம் இனமான நவீன மனிதர்களின் வருகையே காரணம் என்பது என் கருத்து. 2014இல் வெளியான காலக்கணிப்பின்படி, அவர்கள் 41,000 முதல் 39,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டனர். பல்கேரியாவின் பாச்சோ கிரோ குகையில் நம்மவர்கள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குடியிருந்தனர். அத்தனை பனியுகங்களைத் தாங்கிய ஓர் இனம், புதியவர்கள் வந்த சில ஆயிரம் ஆண்டுகளில் இல்லாமல் போனதைத் தற்செயல் என்று கொள்ள முடியுமா?

நெய்தல்:
தாங்கினார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஸ்பெயினின் அடாபுவெர்க்கா மலையில், சுமார் 4,30,000 ஆண்டுகள் பழமையான எலும்புக்குழியில் குறைந்தது 28 பேரின் எலும்புகள் கிடைத்தன. முகமும் பற்களும் நியாண்டர்தால் சாயலைப் பெற்றுவிட்டன. மூளைப்பெட்டி இன்னும் பழைய வடிவிலேயே இருக்கிறது. அவ்வளவு மெதுவாக உருவான இனம் அது. ஆனால், ருமேனியாவின் ஓவாசே குகையில் கிடைத்த, ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையான தாடை எலும்புக்கு உரியவருக்கு, நான்கு முதல் ஆறு தலைமுறைக்கு முன் ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்திருக்கிறார். கொன்று ஒழிக்க வந்தவர்கள் சம்பந்தம் செய்துகொள்வார்களா?

குகைவாசி:
அந்த ஓவாசே மனிதரின் வழியினர் பிற்கால ஐரோப்பியர்களிடம் தொடரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும், கடைசிக்கால நியாண்டர்தால்கள் ஐவரின் மரபணுத்தொகுப்பு 2018இல் வெளியானபோது, நவீன மனிதர்களிடமிருந்து அண்மையில் கலப்பு நேர்ந்ததற்கான தடயம் அவற்றில் தென்படவில்லை. கலந்து கரைந்ததாகச் சொல்ல இது போதாது.

தாழி:
இருவரும் ஆண்டுக்கணக்கை உறுதியானதாக எடுத்துக்கொள்கிறீர்கள். குரோஷியாவின் விண்டியா குகை எலும்புகளுக்கு 1999இல் 28,000 முதல் 29,000 ஆண்டு என்றார்கள். எலும்பின் வயதை அதிலுள்ள கரிமத்தைக் கொண்டு கணிக்கிறார்கள்; பழைய எலும்பில் புதிய கரிமம் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் அது பல ஆயிரம் ஆண்டு இளமையாகத் தோன்றும். எலும்புப் புரதத்திலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் பிரித்து 2017இல் மீண்டும் கணித்தபோது, அவை 40,000 ஆண்டுகளைத் தாண்டின. ஜிப்ரால்டரில் நியாண்டர்தால்கள் 28,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தார்கள் என்ற கணக்கும் எலும்பை அளந்து வந்ததன்று, கரித்துண்டுகளை அளந்து வந்தது.

குகைவாசி:
நன்றி, இது என் வாதத்திற்கே வலுச் சேர்க்கிறது. கடைசி எல்லை பின்னுக்குப் போனால், இரு இனமும் சேர்ந்து வாழ்ந்த காலம் சுருங்குகிறது.

நெய்தல்:
ஒரு முனையை மட்டும் பார்க்கிறீர்கள், ஐயா. ஜெர்மனியின் ரானிஸ் குகையில் நவீன மனிதர்கள் 47,500 ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததாக 2024இல் தெரிந்துவிட்டதால், மறுமுனையும் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. அதைவிட, பிரான்சின் மாந்த்ரன் குகையைப் பாருங்கள். சுமார் 54,000 ஆண்டுப் பழமையான அடுக்கில் நவீனக் குழந்தையின் பல் ஒன்று கிடைத்ததாக 2022இல் அறிவித்தார்கள். அதற்கு மேலுள்ள அடுக்குகளில் மறுபடியும் நியாண்டர்தால்களே இருக்கிறார்கள். முதலில் வந்து நிலைக்காமல் போனவர்கள் நாம். பிந்தைய வருகையில் மட்டும் என்ன மாறியது?

குகைவாசி:
ஆள் எண்ணிக்கை என்றே நினைக்கிறேன். அதே மாந்த்ரனில் கிடைத்த ‘தோரின்’ என்ற நியாண்டர்தாலின் குழு, ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் பிற நியாண்டர்தால்களோடுகூடக் கலக்காமல் ஒதுங்கியிருந்ததாக மரபணு காட்டுகிறது. அத்தகைய சிறு குழுக்களை விழுங்கப் போர் தேவையில்லை. ஆனால், வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எலும்புகளைக் கொண்டு நிறுவ என்னால் இயலவில்லை. அந்த அளவுக்கு உங்கள் கேள்வி நிற்கிறது.