பிளானிங் வேண்டாம் என்கிறார் பில்டர், அப்படியென்றால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் அப்ரூவலும் வேண்டாமா? (ஹாரோ, பின்பக்க எக்ஸ்டென்ஷன்)

ஹாரோ_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீட்டில் (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியது) இருக்கிறோம். பின்பக்கம் 3 மீட்டர் இழுத்துக் கட்டி, கிச்சனுக்கும் டைனிங்குக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு, முடிந்தால் மாடிப்படி இறங்கும் நடைபாதைச் சுவரையும் எடுத்து, கீழ்த்தளம் முழுவதையும் ஒரே அறையாக்க வேண்டும் என்று திட்டம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் மாதக்கணக்கில் தங்குவார்கள், இப்போது இருக்கிற கிச்சனில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது.

ஒரு பில்டர் வந்து பார்த்துவிட்டு "3 மீட்டர்தானே, பெர்மிட்டட் டெவலப்மென்ட் (தனியாகப் பிளானிங் அனுமதி தேவைப்படாத வேலை), கவுன்சில் பக்கமே போக வேண்டாம்" என்றார். சரி, பில்டிங் கன்ட்ரோல், அதாவது கட்டட விதிகளின்படி நடக்கும் சோதனை, என்ன ஆகும் என்று கேட்டதற்கு, ஒரு பில்டிங் நோட்டீஸ் போட்டுவிட்டு இரண்டு நாளில் தோண்ட ஆரம்பிக்கலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் வரைபடம், இன்ஜினியர் கணக்கு, ஃபுல் பிளான்ஸ் எல்லாம் வேண்டும் என்கிறார், அவருடைய கொட்டேஷனும் அதற்கேற்ப அதிகம். யார் சொல்வது சரி?

இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பின் கதவிலிருந்து இரண்டு எட்டு தள்ளி ஒரு மேன்ஹோல் இருக்கிறது, புது அறை சரியாக அதன் மேல்தான் வரும். அப்புறம், மேலே லாஃப்டில் (கூரைக்கு அடியில்) பழைய உரிமையாளர் ஒரு அறை கட்டியிருக்கிறார், படியும் இருக்கிறது, அதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. மகன் அங்கேதான் படுக்கிறான்.


கோடும்_அளவும்:

வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி வாராவாரம் வரும். பிளானிங் வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. வீடு வெளியே எப்படித் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரின் வெளிச்சத்தை மறைக்குமா என்பது பிளானிங். சுவர் நிற்குமா, தீப்பிடித்தால் வெளியே வர முடியுமா, குளிர் உள்ளே வருமா, கழிவுநீர் எங்கே போகும் என்பது ரெகுலேஷன்ஸ். செமி வீட்டுக்கு 3 மீட்டர் வரை ஒரே தளமாகப் பின்னால் கட்டுவது மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு பெர்மிட்டட் டெவலப்மென்ட்தான், அதில் உங்கள் பில்டர் சொல்வது சரி (ஆனாலும் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட், அதாவது பிளானிங் அனுமதி தேவையில்லை என்பதற்கான கவுன்சில் சான்று, வாங்கி வையுங்கள், விற்கும்போது உதவும்). ரெகுலேஷன்ஸ் அப்ரூவலுக்கு அந்த விலக்கு கிடையாது. எக்ஸ்டென்ஷனுக்கும் வேண்டும், பாரம் தாங்கும் சுவரை எடுப்பதற்கும் வேண்டும்.

அடுத்தது பில்டிங் நோட்டீஸ். அதில் வரைபடத்தை யாரும் முன்கூட்டியே சரிபார்க்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் சைட்டுக்கு வந்து கண்ணால் பார்ப்பதுதான் சோதனை, தப்பாக இருந்தால் கட்டியதை இடித்துத் திருத்த வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில். சின்ன வேலைக்கு அது பரவாயில்லை. ஃபுல் பிளான்ஸ் என்றால் வரைபடமும் இன்ஜினியர் கணக்கும் முதலிலேயே போய்விடும், வழக்கமாக 5 வாரத்தில் பதில் வரும், திருத்தம் எல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிடும். எல்லா பில்டரிடமும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து விலை கேட்கலாம் என்பதும் பெரிய லாபம். இப்போது உங்கள் கையில் இருக்கும் இரண்டு கொட்டேஷனும் ஒரே வேலைக்கானவை அல்ல, அதனால் ஒப்பிடவே முடியாது.

உங்கள் விஷயத்தில் இந்த விவாதமே தேவைப்படாமல் போகலாம், காரணம் அந்த மேன்ஹோல். 2011 அக்டோபர் 1 முதல், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்து பயன்படுத்தும் பெரும்பாலான கழிவுநீர்க் குழாய்கள் தண்ணீர் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டன, உங்கள் தோட்டத்துக்கு அடியில் ஓடினாலும் சரி. சூவர் மேப்பில் (கழிவுநீர்க் குழாய் வரைபடத்தில்) உள்ள பொதுக் குழாயின் மேலோ 3 மீட்டருக்குள்ளோ கட்டுவதாக இருந்தால் பில்டிங் நோட்டீஸ் செல்லாது, ஃபுல் பிளான்ஸ்தான். கூடவே தண்ணீர் நிறுவனமான தேம்ஸ் வாட்டரிடம், குழாயின் மேல் கட்டுவதற்கான பில்ட் ஓவர் அக்ரிமென்ட் வாங்க வேண்டும். பொது மேன்ஹோலை அறைக்குள்ளே வைத்து மூட விடமாட்டார்கள், பெரும்பாலும் வெளியே நகர்த்தச் சொல்வார்கள். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள், பக்கத்து வீட்டுக் குழாயும் அதில் வந்து சேருகிறதா என்று. அவர்கள் வீட்டில் ஃபிளஷ் பண்ணச் சொல்லிவிட்டு நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.


டூட்டிங்_மேசன்:

தம்பி, மேலே எழுதியவர் பேப்பர் வேலையைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் சைட்டில் நிற்கிறவன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் எப்போது வர வேண்டும் என்பதை வேலை தொடங்க முன்னமே எழுதி வாங்குங்கோ. அத்திவாரம் வெட்டியதும், கொங்கிறீற் ஊற்ற முன்னம் ஒருமுறை. ஈரத்தடுப்பு மட்டத்தில் ஒருமுறை. நிலத்துக்கு இன்சுலேஷன் போட்டதும், குழாய் பதித்து மண் மூட முன்னமும். பீம் ஏற்றி, பலகை அடித்து மறைக்க முன்னம் கட்டாயம். கடைசியில் முடிவுப் பரிசோதனை. மறைத்த பிறகு கூப்பிட்டால் திறந்து காட்டச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, சொல்லியும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்களே ஃபோனில் படம் எடுத்து வையுங்கோ, அளவு நாடாவை விரித்துப் பக்கத்தில் வைத்து எடுத்தால் ஆழமும் தெரியும்.

ஹாரோ பக்கம் லண்டன் களிமண். கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். ஒரு மீட்டருக்குக் குறைவாக வெட்டினால் இன்ஸ்பெக்டர் ஏற்க மாட்டார், பக்கத்தில் மரம் நின்றால் இன்னும் கீழே போக வேண்டும், இரண்டு மீட்டரும் தாண்டலாம். உங்கள் வளவில் மரம் இல்லாவிட்டாலும் அயல் வீட்டு மரத்தின் வேரும் கணக்குத்தான். பில்டர் உங்களுக்குத் தந்த விலையில் எத்தனை அடி ஆழம் என்று எழுதியிருக்கிறாரா? கூடுதலாக வெட்டினால் மீட்டருக்கு எவ்வளவு என்பதையும் இப்பவே எழுதி வாங்குங்கோ, கிடங்கு வெட்டின பிறகு பேரம் பேச முடியாது.

அந்த ஆழத்துக்கு வெட்டினால் பார்ட்டி வோல் சட்டம் (பொதுச்சுவர், அயலவர் சம்பந்தப்பட்டது) வரும், 1996ஆம் ஆண்டுச் சட்டம். அயலவர் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அவர்களின் அத்திவாரத்தைவிடக் கீழே தோண்டினால் ஒரு மாதத்துக்கு முன்னம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பீமின் ஒரு முனையைப் பொதுச்சுவரில் ஏற்றுவதாக இருந்தால் இரண்டு மாதம். பில்டிங் கொன்ட்ரோல் இதைப் பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். நோட்டீஸைத் தபாலில் போட முன்னம் நேரே போய் ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டு வாருங்கோ. திடீரென்று தபாலில் வந்தால் ஆருக்கும் கோபம் வரும், சர்வேயர் வைப்பார்கள், அவருடைய செலவும் அநேகமாக உங்களுக்குத்தான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நடைபாதைச் சுவரை எடுக்கப் போகிறேன் என்கிறீர்கள், மகன் லொஃப்ற்றில் படுக்கிறான் என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து யோசியுங்கோ. லொஃப்ற் அறை இருக்கிற வீட்டில் மேலிருந்து வாசல் கதவு வரை படிக்கட்டு ஒரு பாதுகாப்பான வழியாக இருக்க வேண்டும், அந்த வழியில் திறக்கிற அறைகளுக்குத் தீயைத் தாங்கும் கதவு, ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் ஓடுகிற, ஒன்றோடு ஒன்று இணைந்த ஸ்மோக் அலாரம். நீங்கள் சுவரை எடுத்தால் படி நேரே குசினிக்குள் இறங்கும். வீட்டில் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடம் குசினி, பிள்ளை இறங்கி வருகிற ஒரே வழியும் அதுவாகிவிடும். அந்தச் சுவரைத் தொடாதீர்கள். மற்றச் சுவரை எடுங்கோ, பீம் போடலாம், அதற்கும் அரை மணித்தியாலம் தீ தாங்குகிற மாதிரிப் பலகை அடிக்க வேண்டும், அது பெரிய வேலை இல்லை.


வெம்பிளி_அக்கா:

மேசன் அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். லாஃப்ட் பற்றி மட்டும் சேர்க்கிறேன், நாங்கள் வீடு வாங்கும்போது இதே மாதிரி ஒரு அறை இருந்தது.

முதல் வேலை, நீங்கள் வீடு வாங்கிய ஃபைலை எடுங்கள். உங்கள் சொலிசிட்டர் (வக்கீல்) அப்போது இன்டெம்னிட்டி பாலிசி (ஒரு வகைக் காப்பீடு) ஏதும் எடுத்திருக்கிறாரா பாருங்கள். சான்றிதழ் இல்லாத வேலைக்கு வழக்கமாக எடுப்பார்கள். எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் படியுங்கள், கவுன்சிலிடம் இதைப் பற்றிப் பேசினால் பாலிசி செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இப்போது எக்ஸ்டென்ஷனுக்காக வீடு முழுவதையும் வரைந்து அனுப்பினால் லாஃப்டும் அதில் தெரியத்தான் செய்யும். அதனால் ஃபோனை எடுப்பதற்கு முன் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை.

ஆனால் பாலிசியை நம்பிச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் பணம் தரும், அவ்வளவுதான். தளம் தாங்குமா என்பதற்கும் தீக்கும் அது பதில் இல்லை. 1930களின் வீடுகளில் மேலே இருக்கும் மரச்சட்டங்கள் சீலிங்கைத் தாங்கப் போட்டவை, கட்டிலும் அலமாரியும் வைக்கப் போட்டவை அல்ல. புதிய சட்டம் போட்டுத் தளம் அமைத்தார்களா, பழையதன் மேலேயே பலகை அடித்துவிட்டார்களா என்பதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பலகையைத் தூக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நாங்கள் பார்க்கச் சொன்னபோது இரண்டாவதுதான். மகனை அதுவரை கீழே படுக்க வையுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

1985 நவம்பர் 11க்குப் பிறகு நடந்த வேலை என்றால் ரெகுலரைசேஷன் சர்டிஃபிகேட்டுக்கு (அனுமதியில்லாமல் முடிந்த வேலைக்குப் பிறகு தரும் சான்று) விண்ணப்பிக்கலாம். கவுன்சில் மட்டும்தான் தரும், தனியார் யாரும் தர முடியாது. கட்டணம் சாதாரணத்தைவிட அதிகம், அங்கங்கே சீலிங்கைத் திறந்து காட்டச் சொல்வார்கள், சரியில்லாததைத் திருத்தச் சொல்வார்கள். எக்ஸ்டென்ஷனோடு சேர்த்துச் செய்தால் தூசியும் தொந்தரவும் ஒருதடவையோடு போகும். முன்பு 12 மாதம் தாண்டினால் கவுன்சில் இடிக்கவோ மாற்றவோ சொல்லி நோட்டீஸ் கொடுக்க முடியாது என்பார்கள், 2023 அக்டோபரிலிருந்து அது 10 ஆண்டு. "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்கிற பில்டர்கள் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள்.


ஹாரோ_வாசி:

மிகவும் நன்றி. மேன்ஹோலைத் திறந்து பார்த்தேன், பக்கத்து வீட்டுக் குழாய் வந்து சேர்கிறது. நடைபாதைச் சுவரை விட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம், மகன் இன்றிலிருந்து எங்கள் அறையில்.

இன்னும் இரண்டு சந்தேகம். முதல் பில்டரிடம் ஃபுல் பிளான்ஸ் என்று சொன்னதும், "கவுன்சில் எதற்கு, எனக்குத் தெரிந்த பிரைவேட் இன்ஸ்பெக்டர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார், ஃபீஸும் என் விலையிலேயே அடங்கும்" என்கிறார். அது சட்டப்படி சரியா? இன்னொன்று, பின்சுவர் முழுவதும் கண்ணாடிக் கதவும் மேலே ரூஃப் லான்டர்னும் (கூரையில் எழும்பி நிற்கும் கண்ணாடிக் கூடு) வைக்க ஆசை, அதற்கு ஏதாவது தடை உண்டா?


கோடும்_அளவும்:

பிரைவேட் இன்ஸ்பெக்டர் வைப்பது சட்டப்படி சரிதான். 2024 முதல் அவர்களுக்குப் பெயர் ரெஜிஸ்டர்ட் பில்டிங் கன்ட்ரோல் அப்ரூவர். பில்டிங் சேஃப்டி ரெகுலேட்டரின் பொதுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வேலை தொடங்கும் முன் அவர்கள் கவுன்சிலுக்கு இனிஷியல் நோட்டீஸ் (இந்த வேலையைத் தாங்கள் சோதிக்கிறோம் என்ற அறிவிப்பு) அனுப்ப வேண்டும், கவுன்சில் அதை ஏற்றதற்கான கடிதத்தின் நகல் உங்கள் கையில் வர வேண்டும். அது இல்லாமல் மண்வெட்டி எடுக்க விடாதீர்கள்.

என் கருத்து, யாரை வைத்தாலும் நீங்களே வையுங்கள், ஃபீஸை நீங்களே கட்டுங்கள். பில்டரின் வேலையைச் சோதிக்கிறவருக்குப் பில்டரே சம்பளம் கொடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. நடுவில் பில்டர் விலகிப் போனாலும் ஃபைல் உங்கள் பெயரில் இருக்கும். உங்கள் வீட்டுக்கு கவுன்சிலையே சொல்வேன், லாஃப்டுக்கு எப்படியும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

கண்ணாடிக்குக் கணக்கு உண்டு. புது அறையின் தரைப் பரப்பில் 25 சதவீதம், அதோடு எக்ஸ்டென்ஷன் கட்டுவதால் மறைந்துபோகிற பழைய ஜன்னல், கதவுகளின் பரப்பு, இரண்டும் சேர்ந்ததற்கு மேல் போனால் அந்த வெப்ப இழப்பை வேறெங்காவது ஈடுகட்டிக் காட்ட வேண்டும். புதுச் சுவரின் யூ வேல்யூ (வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதன் அளவு) 0.18க்குள், கூரை 0.15க்குள் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. உங்களுடைய பழைய பின்பக்கக் கதவும் ஜன்னலும் பெரிதாக இருந்தால் ஆசைப்பட்டதில் பெரும்பகுதி கிடைக்கும். வரைகிறவரிடம் லான்டர்ன் அளவை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சைட்டில் வந்து முடிவு செய்கிற விஷயம் அல்ல.


டூட்டிங்_மேசன்:

பிள்ளையைக் கீழே படுக்க வைத்தது நல்லது தம்பி.

ஒப்பந்தத்தில் இதையும் எழுதுங்கோ: கடைசித் தவணைக் காசு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் (வேலை விதிப்படி முடிந்ததற்கான சான்று) கையில் கிடைத்த பிறகுதான். திரை போட்டு, சோபா போட்டு, பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகு பில்டர் ஃபோன் எடுக்க மாட்டார், இன்ஸ்பெக்டர் கடைசிமுறை வராமலே ஃபைல் கிடக்கும். ஐந்து வருசம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் சொலிசிற்றர் கேட்பார். மின்சார வேலைக்கு என்ஐசிஇஐசி மாதிரிப் பதிவில் உள்ளவரின் சர்டிஃபிகேட், பொயிலர் தொட்டால் காஸ் சேஃப் பதிவுள்ளவரின் சர்டிஃபிகேட், பழைய வீட்டின் ஜன்னல், கதவை மாற்றினால் அதற்கு ஃபென்சா சர்டிஃபிகேட், இதெல்லாம் வேலை முடிகிற அன்றே வாங்கி ஒரே ஃபைலில் போடுங்கோ, இன்ஸ்பெக்டரும் முடிவுப் பரிசோதனையில் கேட்பார். தேம்ஸ் வோட்டர் விண்ணப்பத்தை வரைபடம் கிடைத்த அன்றே அனுப்புங்கோ, அதற்கும் நாள் எடுக்கும்.