கோமாளி மீன் குஞ்சுகள் நாலாம் நாள் மொத்தமா செத்துப்போகுது: மூணு பேட்ச் போச்சு, உதவி வேணும்

முத்துநகர்க்காரன்:
வணக்கம். தூத்துக்குடியில இருந்து எழுதுறேன். ஒரு ஜோடி ஆசிலாரிஸ் க்ளவுன் (கோமாளி மீன்ல ஒரு வகை) ரெண்டரை வருஷமா வளக்குறேன். கடல்ல அதுங்க ஒண்டி வாழுற கடல் சாமந்தி எல்லாம் வைக்கல. தொட்டி மூலையில சாய்ச்சு வச்ச ஓட்டுச் சில்லுதான் அதுங்களுக்கு வீடு. மார்ச்சில இருந்து பன்னெண்டு, பதிமூணு நாளைக்கு ஒருக்கா அதுல முட்டை வைக்குது. ஆண் மீன் ராப்பகலா பக்கத்துலயே நின்னு துடுப்பால விசிறிக்கிட்டே இருக்கும்.

பொரியிறதுல பிரச்சினை இல்ல. ஏழாம் நாள் முட்டைக்குள்ள கண்ணு வெள்ளியா மின்னும். அன்னிக்குச் சாயங்காலமே ஓட்டுச் சில்லை எடுத்துத் தனித் தொட்டியில வச்சிருவேன். அதுல தாய்த் தொட்டித் தண்ணியே 20 லிட்டர். ஏர் ஸ்டோன் குமிழி முட்டையை உரசிக்கிட்டுப் போற மாதிரி வச்சு லைட்டை அணைச்சா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பொரிஞ்சிரும். குறைஞ்சது இருநூறு குஞ்சு வரும்.

குஞ்சுக்கு இரையா ரோட்டிஃபர் (தூசி அளவே இருக்குற நீர் உயிரி) நானே பக்கெட்டுல வளக்குறேன். அதுக்குத் தீனி ரொட்டி ஈஸ்ட். காலையில ஒரு லிட்டர், சாயங்காலம் ஒரு லிட்டர் அப்படியே மோந்து குஞ்சுத் தொட்டியில ஊத்துவேன். ரெண்டாம் நாளே அம்மோனியா 0.5 காட்டுது. அதனால தினமும் ட்யூப் வாயில வேட்டித் துணி கட்டி 30 சதவீதம் தண்ணி மாத்துறேன். மூணாம் நாள் குஞ்சுங்க சோர்ந்து அடியில நிக்குது. அஞ்சாம் நாள் விடியும்போது ஒண்ணுகூட இல்ல. போன வாரம் மூணாவது பேட்சும் போச்சு. அம்மா வந்து தொட்டியை எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.

அம்மோனியாதான் கொல்லுதா? வேற மருந்து ஏதாவது போடணுமா?

கொளத்தூர்த் தொட்டி:
0.5 ரொம்ப அதிகம் ப்ரோ. கடல் தண்ணியில பிஎச் 8.2 பக்கம் இருக்கும், அதுல அம்மோனியாவோட விஷம் நல்ல தண்ணியைவிடக் கூட. தினமும் பாதித் தண்ணி மாத்திப் பாருங்க.

பாம்பன் காத்து:
தம்பி, கொஞ்சம் பொறுங்க. பாதித் தண்ணி மாத்தினா இன்னும் சீக்கிரம் சாகும்னு எனக்குத் தோணுது. மருந்தும் எதுவும் போட வேணாம். மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க.

ரோட்டிஃபர் பக்கெட்டுல ஹைட்ரோமீட்டர் (தண்ணியில உப்பு எவ்வளவுன்னு பாக்குற கருவி) எவ்வளவு காட்டுது, குஞ்சுத் தொட்டியில எவ்வளவு?

காலையில தீனி போடுறதுக்கு முன்னாடி குஞ்சுத் தொட்டித் தண்ணி ஒரு மில்லி சிரிஞ்சுல எடுத்து, பின்னாடி டார்ச் பிடிச்சு எண்ணுங்க. தூசி சும்மா மிதக்கும், ரோட்டிஃபர் சுத்திச் சுத்தி நீந்தும். மில்லிக்கு எத்தனை?

அடுத்த பேட்ச் பொரிஞ்சதும் குஞ்சோட வயித்தைப் பாருங்க. பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சா, தின்ன குஞ்சுக்கு வயிறு உருண்டையா, உள்ள ஏதோ அடைச்ச மாதிரி தெரியும். பட்டினிக் குஞ்சுக்கு வயிறு ஒட்டி, தலை மட்டும் பெருசா இருக்கும்.

முத்துநகர்க்காரன்:
அக்கா, பக்கெட்டுல 1.014. குஞ்சுத் தொட்டியில 1.024. உப்பு குறைச்சலா இருந்தா ரோட்டிஃபர் வேகமா பெருகும்னு ஒருத்தர் சொன்னதால அப்படி வச்சேன்.

நேத்து ராத்திரி நாலாவது பேட்ச் பொரிஞ்சது. சாப்பாடு வேணுமேன்னு லைட் போட்டதும் வழக்கம்போல ஒரு லிட்டர் ஊத்திட்டேன். இன்னிக்குக் காலையில எண்ணினேன். மூணு தடவை எடுத்தும் மில்லிக்கு ஒண்ணு, ரெண்டுக்கு மேல இல்ல. பக்கெட்டுல எண்ணினா நூறுக்கு மேல வருது.

நீங்க உப்பைப் பத்திக் கேட்டதால இன்னொண்ணும் செஞ்சு பாத்தேன். ஒரு கண்ணாடி டம்ளர்ல தொட்டித் தண்ணி எடுத்து, ரெண்டு ஸ்பூன் ரோட்டிஃபர் விட்டு, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். விட்ட நிமிஷமே நீச்சல் நின்னு போச்சு. முக்கால்வாசி மெதுவா அடியில போய் உக்காந்திருச்சு. இத்தனை நாளா குஞ்சுக்குச் சோறுன்னு நினைச்சு இதைத்தான் போட்டிருக்கேன்.

பாம்பன் காத்து:
டம்ளர்ல பாத்தது நல்ல வேலை தம்பி. உங்க மூணு பேட்சும் போனது அதுலயேதான் இருக்கு.

குஞ்சு அசையுறதைத்தான் தின்னும். கிட்டப் போய் உத்துப் பாருங்க. இரையைப் பாத்ததும் உடம்பை வளைச்சு ஒரு நொடி அப்படியே நிக்கும், அடுத்த நொடி அம்பு மாதிரி பாஞ்சு கொத்தும். அடியில கிடக்குற ரோட்டிஃபர் அதுக்குக் கண்ணுலயே படாது. பொரியும்போது குஞ்சு வயித்துல மஞ்சக்கரு மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான். அது தீர்ந்தப்புறம் வெறும் வயித்துல ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சா அதிகம். நாலாம் நாள் கணக்கு அங்கதான் வருது.

அம்மோனியாவும் பொய் இல்ல, ஆனா அதை ஊத்துறது நீங்கதான். ஈஸ்ட் போட்டு வளத்த பக்கெட் தண்ணி கழிவுத் தண்ணி. அது தினம் ரெண்டு லிட்டர் போகுது, அடியில செத்த ரோட்டிஃபரும் அழுகுது. அதைச் சரிக்கட்டத் தண்ணி மாத்துறீங்க. வேட்டித் துணி இழையில மிச்சம் மீதி உயிரோட நீந்துற ரோட்டிஃபரும் வெளிய போயிருது. ஒண்ணுக்குப் பண்ற வைத்தியம் இன்னொண்ணைக் கொன்னுருக்கு.

இப்ப இருக்குற பேட்சுக்கு இன்னிக்கே செய்யுங்க. 50 மைக்ரான் வலையில ரோட்டிஃபரை வடிகட்டி, பக்கெட் தண்ணியைக் கீழ கொட்டிருங்க. வடிச்சதை 1.014 தண்ணியிலயே ஒரு சின்ன ஜாடியில விட்டு, காத்தும் கொடுத்து, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா நாலஞ்சு மணி நேரம் கலந்து 1.024-க்குக் கொண்டுவாங்க. அப்புறம் குஞ்சுத் தொட்டிக்கு விடுங்க. மில்லிக்கு பத்துக்குக் குறையாம இருக்கணும். 20 லிட்டருக்குக் கணக்குப் போட்டா ரெண்டு லட்சம், அதாவது நூறு எண்ணிக்கை உள்ள பக்கெட்டுல ரெண்டு லிட்டரை வடிகட்டினா போதும். தினம் காலையும் மாலையும் எண்ணுங்க, குறைஞ்சதை மட்டும் போடுங்க. புது பக்கெட்டை 1.020-ல ஆரம்பிங்க. பெருக்கம் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்ல.

ஈஸ்ட்டை விட்டுருங்க. ஈஸ்ட் தின்ன ரோட்டிஃபர் வயித்தை நிரப்பும், ஆனா குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து அதுல இருக்காது. அந்தக் குஞ்சு எட்டு, பத்து நாள் ஓடிட்டு, உடம்புல வெள்ளைக் கோடு விழுற நேரத்துல சாகும். நானோகுளோராப்சிஸ்ங்கற நுண்பாசியைப் பச்சைத் தண்ணியா வளத்து ரோட்டிஃபருக்குக் கொடுங்க. குஞ்சுத் தொட்டியிலயும் லேசா பச்சை தட்டுற அளவுக்கு விடுங்க. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையத்துல க்ளவுன் குஞ்சு பொரிச்சு வளத்திருக்காங்க. முடிஞ்சா நேர்ல போய் விசாரிச்சுப் பாருங்க.

நெய்தல்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. தொட்டி நாலு பக்கமும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்க. குஞ்சு வெளிச்சத்தைத் தேடிப் போகும். கண்ணாடியில வெளிச்சம் பட்டா அங்கயே முட்டி முட்டிச் சோர்ந்துரும். லைட் மேல இருந்து மங்கலா வந்தா போதும்.

அலையோசை:
குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். ஜோடி வாங்கும்போது ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்க கரையிலயே பிடிச்சுத் தர்றேங்கறாங்க.

பாம்பன் காத்து:
கண்டுபிடிக்க வேண்டாம். சின்னதா ரெண்டு வாங்கிச் சேத்து விடுங்க. அடக்கி ஆளுறது பெருசாகிப் பெண்ணாகும், மத்தது ஆணா நிக்கும். ஆனா கடல்ல பிடிச்சது வேண்டாம், பண்ணைக் குஞ்சு கேட்டு வாங்குங்க. நம்ம மன்னார் வளைகுடாவுல இருக்குற செபே, க்ளார்க்கிங்கற க்ளவுன் வகைகளைச் சாமந்தியோட பேத்து எடுத்துட்டு வர்றதைப் பாத்திருக்கேன். சாமந்தி போனா அந்த இடத்துக்கு அடுத்த மீன் வந்து தங்க வழியில்ல.

முத்துநகர்க்காரன்:
அக்கா, இன்னிக்குப் பதினோராம் நாள்.

உங்க பதிலைப் படிச்ச அன்னிக்கே வடிகட்டி, சொட்டு விட்டுச் சாயங்காலம் போட்டேன். அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் நிறையப் போச்சு, அதுங்க ஏற்கெனவே சோர்ந்ததுங்க. மூணாம் நாள் காலையில டார்ச் அடிச்சுப் பாத்தப்ப வயிறு உருண்டையா இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே வளைஞ்சு நின்னு கொத்துறதையும் பாத்தேன். அரை மணி நேரம் நின்ன இடத்தை விட்டு நகரல. அஞ்சாம் நாள் தாண்டுச்சு. எட்டாம் நாள்ல இருந்து புதுசாப் பொரிஞ்ச ஆர்டீமியாவும் (இறால் மாதிரி சின்ன உப்புநீர் உயிரி) கொஞ்சம் கலந்து போடுறேன். நேத்து சிலதுக்குத் தலையில வெள்ளைக் கோடு விழுந்திருக்கு. இன்னிக்கு எண்ணினா 43. அம்மா ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்குறாங்க.

ஒரு சந்தேகம். அம்மோனியா 0.25 காட்டுது. இப்பத் தண்ணி மாத்தலாமா?

பாம்பன் காத்து:
ரொம்ப சந்தோஷம் தம்பி. மாத்துங்க, பத்து சதவீதம் போதும். உள்ள விடுற தண்ணியை மட்டும் சொட்டு வேகத்துல விடுங்க. கோடு விழுற நேரம் குஞ்சுக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. தாய்த் தொட்டியில ஊறின ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தா நாளைக்கே எடுத்து வைங்க, குமிழி மெதுவா வந்தா போதும். ஆர்டீமியா பொரிச்ச ஓடு உள்ள விழாம பாத்துக்கோங்க. அடுத்த முட்டை எப்ப?

முத்துநகர்க்காரன்:
இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப்போய் நேத்துச் சாயங்காலம்தான் வச்சிருச்சு அக்கா. புது பக்கெட் 1.020-ல பச்சையா ஓடிக்கிட்டு இருக்கு.