சால மரத் துளைப்பான் தாக்கிய காடு: கிராமக் குழு வேலையை எந்த வரிசையில் போடுவது?

மலையடிவாரம்:
மத்தியப் பிரதேசத்தில் மண்ட்லா, திண்டோரி பக்கம் வேலை செய்யும் ஒரு குழுவுக்காகக் கேட்கிறேன். சால மரக் காடு, மரத்தைத் துளைக்கும் வண்டு தாக்கியிருக்கிறது. அங்கங்கே மரத்தடியில் மரத்தூள் குவிந்திருக்கிறது, உச்சி காய்ந்த மரங்களும் உண்டு. வனக்குழுவில் 60 குடும்பங்கள், பெரும்பாலும் கோண்டு, பைகா பழங்குடி மக்கள். பணம் மார்ச்சுக்குள் செலவாக வேண்டும், கன்று நட்டுக் கணக்குக் காட்டுங்கள் என்கிறார்கள். கூலி நாள்கணக்கு. வண்டு பிடிப்பது, மரம் அகற்றுவது, காட்டை மறுபடி எழுப்புவது, இதில் எதற்கு எப்போது ஆள் போடுவது? சால மரக் கன்று நட்டால் பிழைக்குமா?

கருமருது:
முதலில் வண்டின் வருஷத்தைப் பாருங்கள், பிறகு பணத்தின் வருஷம். ஜூனில் முதல் நல்ல மழை விழுந்ததும் வண்டு மரத்தைத் துளைத்து வெளியே வரும். பட்டை வெடிப்பில் முட்டை. புழு முதலில் உள்பட்டையைத் தின்னும், பிறகு வெளிக்கட்டை, மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது வைரத்துக்குள், அதாவது மரத்தின் நடுக்கட்டைக்குள் போய்விடும். அங்கேயே கூட்டுப்புழு, அங்கேயே வண்டு, அடுத்த மழை வரை அசையாது. ஆக வருஷத்துக்கு ஒரே தலைமுறை. அதில்தான் நமக்குப் பிடி இருக்கிறது.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியது பொறிமரம், அதாவது வாசத்தால் வண்டை இழுத்துப் பிடிக்க வெட்டிப் போடும் மரம். 60 முதல் 90 செ.மீ. சுற்றளவுள்ள, கோணலான, எதற்கும் உதவாத சால மரத்தை வெட்டி, 2.5 முதல் 3 மீட்டர் துண்டுகளாக அறுங்கள். இரு முனைகளிலும் பட்டையைக் கோடாலியின் பின்பக்கத்தால் நைய அடிக்க வேண்டும். சாறு கசிந்தால்தான் வாசம் போகும், வண்டு நெடுந்தூரத்திலிருந்தும் வரும். துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேலே இலைதழை போடுங்கள், வெயிலில் காய்ந்தால் அன்றோடு சரி. சாறு குடித்த வண்டு மந்தமாகி, கட்டைக்கு அடியிலும் தழைக்குள்ளும் ஒதுங்கும். காலையிலும் மாலையிலும் பொறுக்க வேண்டும், விட்டுப் பிடித்தால் அங்கேயே முட்டை வைத்துவிடும். ஒரு வாரத்தில் வாசம் குறையும். முனையைக் கொஞ்சம் அறுத்துத் தள்ளி மறுபடி அடியுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை, பிறகு புது மரம்.

பலர் கோட்டை விடுவது கடைசியில். சாறு வற்றிய பொறிமரத்தைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் அதுவே அடுத்த வருஷ வண்டுக்குத் தொட்டில். பட்டையை முழுக்க உரித்து எரியுங்கள். புழு வைரத்துக்குள் போகுமுன் இதைச் செய்து முடிக்க வேண்டும். டிசம்பரில் பட்டை உரிப்பது வீண் கூலி.

தாக்கிய மரங்களை அகற்றுவதுதான் குளிர்கால வேலை. எதை வெட்டுவது என்பதைத் தூளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடிமரத்தைச் சுற்றிக் கனமாகத் தூள், உச்சியும் காய்ந்திருக்கிறது என்றால் அந்த மரம் போய்விட்டது. பிசின் மட்டும் ஒழுகி, தூள் இல்லை, இலை பச்சை என்றால் தொடாதீர்கள். திடமான மரம் பிசினிலேயே புழுவை மூழ்கடித்துவிடும். வெட்டிய கட்டை மே மாதத்துக்குள் சால மரக் காட்டை விட்டே வெளியேற வேண்டும். காட்டோரக் கிடங்கில் அடுக்கிவைத்தால் ஜூனில் வண்டு அங்கிருந்து கிளம்பும்.

இன்னொன்று. பொறிமரமோ காய்ந்த மரமோ, குழு தானாக வெட்ட முடியாது. வனத்துறை குறியிட்டு அனுமதித்த மரம் மட்டுமே. நம் நீலகிரி கூடலூர்க் காட்டை வைத்து, காடு அழிவதற்கு எதிராக 1995இல் தொடங்கிய கோதவர்மன் வழக்கு தெரியுமல்லவா, அதில்தான் 1998இல் துளைப்பான் தாக்கிய சால மரங்களை வெட்டுவதற்கும் உச்சநீதிமன்றம் வரம்பு வைத்தது. வண்டைச் சாக்காக வைத்து நல்ல மரமும் போகும் என்ற பயம் நியாயமானதுதான்.

கணக்குப்பிள்ளை:
கூலி பற்றி. வண்டு பொறுக்குவதற்கு நாள்கூலி ஒத்துவராது. ஆள் வருவார், வண்டு வராது. எண்ணிக்கைக்குக் கூலி கொடுங்கள், பொறிமரத்தை அமைத்துப் பராமரிப்பவருக்கு மட்டும் நாள்கூலி. வண்டின் தலையைத் திருகி, தலைகளை மட்டும் கொண்டுவரச் சொல்வது பழைய வழக்கம். நூறு நூறாக எண்ணி, பதிவில் ஏற்றி, அங்கேயே எல்லோர் கண்முன்னும் எரித்துவிட வேண்டும். எரிக்காவிட்டால் அதே தலை நாளைக்கு மறுபடி வரும். எண்ணுபவருக்கு வண்டு அடையாளம் தெரிய வேண்டும்: கரும்பழுப்பு, நீண்ட உணர்கொம்பு, ஆணுக்கு அது உடம்பை விட நீளம். இல்லாவிட்டால் சாண வண்டின் தலைக்கும் காசு போகும்.

பணத்தை வாரச் சந்தை நாளுக்கு முன் கொடுங்கள். ஜூன், ஜூலையில் அவரவர் வயலில் நெல் வேலை இருக்கும். கூலி இரண்டு மாதம் கழித்து வங்கிக்கு வரும் என்றால் யாரும் வயலை விட்டு வரமாட்டார்கள், வண்டோ காத்திருக்காது. மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டிய பணத்தில் மரம் அகற்றுதல், தீத்தடுப்புக் கோடு, களையெடுப்பு மூன்றையும் முடியுங்கள். வண்டுக் கூலியை ஏப்ரலுக்குப் பிறகான ஒதுக்கீட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

விதைநேர்த்தி:
கன்று நடுவது பற்றி: மார்ச்சில் சால மரம் நடுவது பணத்தைப் புதைப்பது. அதன் விதைக்கு உயிர் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஜூனில் இறகோடு விழும், பொறுக்கிய கையோடு இறகைக் கிள்ளி விதைத்துவிட வேண்டும், சேமிக்க முடியாது. பையில் வளர்த்தால் ஆணிவேர் சுருண்டு கெடும். (விதை எண்ணெய்க்கு விற்பதால் வீட்டு வருமானமும் அது. காலியான திட்டுகளைச் சுற்றியுள்ள தாய்மரங்களின் விதையை மட்டும் விட்டுவைக்கக் குழுவிடம் பேசி முடிவு செய்யுங்கள்.)

பெரும்பாலான இடத்தில் நடவே தேவைப்படாது. சால நாற்றின் தண்டு வருஷா வருஷம் காய்ந்து விழும், வேர் மட்டும் தடித்துக்கொண்டே போகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். மேலே மரம் போய் வெளிச்சம் விழுந்ததும் அந்த வேரிலிருந்துதான் காடு எழும். குளிர்காலத்தில் ஒரு கயிறு பிடித்து நேராக நடந்து, 20 மீட்டருக்கு ஒரு 2 மீட்டர் சதுரம் போட்டுப் பாருங்கள். பாதிச் சதுரங்களுக்கு மேல் தடித்த வேருள்ள நாற்று ஒன்றாவது இருந்தால் அங்கே தீயையும் மாட்டையும் தடுத்தால் போதும். கோணலாகிப் புதராய் நிற்பதைத் தரைமட்டத்தில் சீவிவிட்டால் ஒற்றைத் தண்டாக எழும்.

ஒன்றுமே இல்லாத திட்டில் மட்டும் நடுங்கள், அதுவும் கலந்து: கருமருது, வேங்கை, நெல்லி, கடுக்காய், இலுப்பை இனமான மகுவா. இந்த வண்டு முக்கியமாகச் சால மரத்தையே தேடும், வெறும் சால மரம் நெருக்கமாக நின்றால் அதற்கு வசதி. பொறிமரத்துக்கு வெட்டிய சின்ன மரங்களின் அடிக்கட்டை துளிர்க்கும். அதைத் தாழ்வாக, 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், பட்டை கிழியாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வருஷம் ஒன்றிரண்டு துளிரை விட்டு மற்றதைக் கழியுங்கள். வண்டு கொன்ற மரத்தின் அடிக்கட்டை துளிர்க்காது. அதில் புழு இருக்கும், தரையோடு வெட்டுங்கள்.

மலையடிவாரம்:
மிக்க நன்றி. திறந்த இடங்களில் இப்போதே உண்ணிச்செடி இடுப்பளவு நிற்கிறது. வெட்டினால் மறு மழையில் இன்னும் அடர்த்தியாக வருகிறது.

விதைநேர்த்தி:
வெட்டுவதால்தான் வருகிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் துளிர்மொட்டு. மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரைக் களைக்கொத்தியால் அறுத்து, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள், வேர் மண்ணைத் தொடக் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு கொண்டுவந்த முறை இது. காய் பழுக்குமுன் செய்தால் விதை விழாது. பறவை உட்காரும் பெரிய மரங்களுக்கு அடியில் நாற்று திரும்ப முளைக்கும், அங்கே மட்டும் அடுத்த இரண்டு மழைக்காலமும் கையால் பிடுங்க ஆள் வையுங்கள். சால நாற்று நிற்கும் இடத்தில் கொத்தி வைத்திருப்பவர் நாற்றை முதலில் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளட்டும், இரண்டும் ஒரே புதருக்குள் இருக்கும்.